கப்பல் முந்தி, காகிதம் பிந்தி

கொச்சி நகரின் இடக்கொச்சியிலும், பாலத்துக்கு அந்தப் பக்கம் அரூரிலும் மீன் பதனிடும் ஆலைகள் நிறைய. அங்கே உரித்து, உறைய வைத்து, அட்டைப்பெட்டியில் அடுக்கிய இறால் ரீஃபர் கண்டெய்னரில் ஏறி வல்லார்பாடம் முனையத்துக்குப் போகிறது. உள்ளே மைனஸ் 18 டிகிரி. நாற்பதடிப் பெட்டி ஒன்றில் இருபது டன்னுக்கு மேல் பிடிக்கும். இவ்வளவு சரக்கும் யாருக்குச் சொந்தம் என்பதை முடிவு செய்வது ஒரு தாள்.

அதன் பெயர் பில் ஆஃப் லேடிங். துறைமுகத்தில் முழுப்பெயர் சொல்ல யாருக்கும் நேரமில்லை, ‘பி.எல்.’ என்றால் போதும். சரக்கைப் பெற்றுக்கொண்டதாகக் கப்பல் கம்பெனி தரும் ரசீது அது. இன்ன துறைமுகத்தில் சேர்ப்பதாகப் பேசிய ஒப்பந்தத்துக்குச் சாட்சியும் அதுவே. இந்த இரண்டு வேலைகளை வேறு தாள்களும் செய்யும். மூன்றாவது வேலைதான் பி.எல்.லுக்கே உரியது. ரயில் நிலைய சைக்கிள் ஸ்டாண்டில் தரும் டோக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த டோக்கனை விற்கலாம், வங்கியில் அடகு வைத்துக் கடனும் வாங்கலாம் என்றால் எப்படி இருக்கும்? ‘ஆர்டர்’ பி.எல். அப்படிப்பட்டது. பின்பக்கம் கையெழுத்திட்டு ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்தால், நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும் இறாலின் மேல் உள்ள உரிமையும் கூடவே போகிறது.

வழக்கமாக ஒரிஜினல் மூன்று போடுவார்கள். பாய்மரக் காலத்துப் பழக்கம். ஒரு கப்பல் மூழ்கினாலும் இன்னொன்றில் போகும் தாளாவது சேரட்டும் என்று பிரித்து அனுப்பினார்கள். எதையாவது ஒன்றைக் காட்டிச் சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் செல்லாது. பாய்மரம் போய் நீராவி வந்தது, பிறகு டீசல், பிறகு கண்டெய்னர். மூன்று ஒரிஜினல் மட்டும் அப்படியே இருக்கிறது.

துபாய்க்கு ஒரு பெட்டி இறால் போவதாக வைத்துக்கொள்வோம். கொச்சியிலிருந்து நேராகப் போகும் கப்பல் ஒரு வாரத்துக்குள் ஜெபல் அலியில் நிற்கும். பி.எல்.லோ கப்பல் கம்பெனியின் ஏஜெண்டிடமிருந்து ஏற்றுமதியாளருக்கு வந்து, அவருடைய வங்கிக்குப் போய், அங்கே எல்.சி.யின், அதாவது வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதத்தின், ஒவ்வொரு நிபந்தனையோடும் சரிபார்க்கப்பட்டு, கூரியரில் துபாய் வங்கிக்குப் போக வேண்டும். விவரம் ஒன்று பொருந்தாவிட்டாலும் வங்கி திருப்பும். வாங்குபவர் பணம் கட்டினால்தான் தாள் அவர் கைக்கு வரும். தாளைக் கொடுத்தால்தான் பெட்டி வரும். அதுவரை பெட்டி துறைமுகத்தில் மின்சாரம் குடித்துக்கொண்டு நிற்கும். அதற்கும் வாடகை, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம். மட்டாஞ்சேரியிலிருந்து மிளகு அனுப்புகிறவருக்கும் இதே பாதைதான். மிளகு காத்திருக்கும் என்பது மட்டுமே ஆறுதல்.

இந்தத் தொல்லைக்கு வணிகர்கள் கண்டுபிடித்த குறுக்குவழியின் பெயர் ‘டெலக்ஸ் ரிலீஸ்’. ஒரிஜினல் மூன்றையும் கொச்சியிலேயே கப்பல் கம்பெனியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால், “சரக்கை விடலாம்” என்று அது துபாய் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பும். டெலக்ஸ் இயந்திரம் மறைந்து வெகுகாலம் ஆகிறது. செய்தி போவது மின்னஞ்சலில். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒரிஜினலைத் திருப்பிக் கொடுத்தவர் தன் பிடியையும் விட்டவர். பணம் வந்த பிறகோ, வாங்குபவரை நன்றாகத் தெரிந்தாலோதான் இதைச் செய்ய முடியும்.

கடல் வணிகத்தில் எழுத்தின் பிடி இந்தக் கரைக்குப் பழக்கமானது. கொச்சிக்கு வடக்கே இருந்த முசிறியிலிருந்து ‘ஹெர்மபொல்லோன்’ என்ற கப்பலில் போன சரக்கு பற்றிய கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம், மறுபக்கம் சரக்கின் மதிப்புக் கணக்கு: தந்தம், கங்கைக் கரை நறுமண வேர். கடன் அடையாவிட்டால் சரக்கு கடன் கொடுத்தவருக்கு. இன்றைய வங்கி மேலாளர் படித்தால் பாதிக்கு மேல் புரிந்துகொள்வார்.

இன்று கொச்சி ஏற்றுமதியில் பல ஆவணங்கள் கணினிக்குப் போய்விட்டன. சுங்கத்துக்கான ஷிப்பிங் பில் ஐஸ்கேட் என்ற சுங்க இணையதளம் வழியாகப் போகிறது. துணை ஆவணங்களை இ-சஞ்சித்தில் ஏற்றுகிறார்கள். பிறப்பிடச் சான்றிதழை இணையத்தில் வாங்கலாம். இவையெல்லாம் மாறியபோது பி.எல். மட்டும் ஏன் முரண்டு பிடித்தது?

மற்றவை தகவல், ஆயிரம் பிரதி எடுத்தாலும் கெடாது. பி.எல். சொத்து. கணினியோ பிரதி எடுப்பதற்கென்றே பிறந்தது. பி.எல்.லை பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் அனுப்பியவரிடமும் இருக்கும், பெற்றவரிடமும் இருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே இறாலை எப்படிக் கொடுப்பது? ஆகவே ஸ்கேன் செய்வது தீர்வே அல்ல. ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்க முடியும் என்ற காகிதத்தின் குணத்தை மின்பதிவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

நம் ஊர் டிமேட் கணக்கு இதைத்தான் செய்தது. 1996இன் டெபாசிட்டரிச் சட்டத்துக்குப் பிறகு பங்குப் பத்திரம் போய், பதிவேட்டில் பெயர் மாறுவதே உரிமை மாற்றம் ஆனது. மின் பி.எல்.லின் ஒரு வகை அதே போல மையப் பதிவேட்டில் நடக்கிறது. 1999இல் தொடங்கிய பொலிரோ இதில் முன்னோடி. இன்னொரு வகை பிளாக்செயினில் இயங்குகிறது. சாவி யாரிடமோ அவரே உடைமையாளர்; மாற்றிக் கொடுத்ததும் பழையவரின் சாவி அந்தப் பூட்டைத் திறக்காது. 2018 நவம்பரில் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் அமெரிக்காவின் டிரைகான் எனர்ஜிக்கு அனுப்பிய சரக்குக்கு, எச்.எஸ்.பி.சி., ஐ.என்.ஜி. வங்கிகள் பிளாக்செயின் எல்.சி.யோடு பொலிரோவின் மின் பி.எல்.லைச் சேர்த்து நடத்திக் காட்டின. தொழில்நுட்பம் முடியும் என்பதில் அப்போதே சந்தேகம் இல்லை.

டிமேட் ஒரே நாட்டுச் சட்டத்துக்குள் நடந்தது. பி.எல். கடல் தாண்டுகிறது. தொட்டுப் பார்க்க முடியாத ஒன்றைக் ‘கைவசம் வைத்திருக்க’ முடியுமா என்ற கேள்விக்குப் பல நாட்டுச் சட்டங்களில் பதில் இல்லை. அதனால் ஒவ்வொரு மின் பி.எல். தளமும் தன் உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கி, ஒரு சங்கம் போல் நடந்தது. ஒரு கம்பெனி சிம்மிலிருந்து அதே கம்பெனி சிம்முக்கு மட்டும் பேச முடியும் என்றால் போனை யார் வாங்குவார்? பெரும் பணத்தோடு கப்பல் கம்பெனியான மெர்ஸ்க்கும் ஐ.பி.எம்.மும் நடத்திய டிரேட்லென்ஸ் தளத்தையே மூடப்போவதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். போட்டிக் கப்பல் கம்பெனியின் தளத்தில் மற்றவர்கள் எப்படி மனம் ஒப்பி அமர்வார்கள்?

சட்டத்தின் அந்த இடைவெளியை நிரப்ப ஐ.நா.வின் அன்சிட்ரால் அமைப்பு 2017இல் ஒரு மாதிரிச் சட்டம் தந்தது. பஹ்ரைன் 2018இலும் சிங்கப்பூர் 2021இலும் அதை ஏற்றன. அதே நோக்கமுள்ள பிரிட்டனின் சட்டம் 2023 செப்டம்பர் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. உலகின் பல பி.எல்.கள் ஆங்கிலச் சட்டத்தைச் சுட்டி எழுதப்படுவதால், இந்தக் கடைசித் தேதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரிய கண்டெய்னர் கப்பல் கம்பெனிகள் 2030க்குள் முழுவதும் மின் பி.எல்.லுக்கு மாறுவதாக 2023இல் வாக்குக் கொடுத்திருக்கின்றன.

இந்தியாவில் 1856ஆம் ஆண்டின் மூன்றே பிரிவுகள் கொண்ட சட்டம்தான் 2025 வரை பி.எல்.லை ஆண்டது. அதற்கு மாற்றான புதிய சட்டம் அந்த ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மின் பி.எல்.லுக்கென்று வெளிப்படையான பிரிவு அதில் இல்லை. கையில் வந்த வாய்ப்பை விட்டுவிட்டோம் என்றே சொல்வேன்.

ஆகவே இடக்கொச்சியிலோ தூத்துக்குடியிலோ மின் பி.எல்.லுக்கு மாற நினைக்கும் ஏற்றுமதியாளர் மென்பொருள் விலையை விசாரிப்பதற்கு முன் மூன்று பேரைக் கேட்க வேண்டும்: கப்பல் கம்பெனி, வாங்குபவர், வாங்குபவரின் வங்கி. மூவரும் ஒரே தளத்தில் இருந்தால் தொடங்கலாம். ஒருவர் இல்லையென்றாலும் கூரியர்தான்.