கையெழுத்து மட்டும் காவலாகாது

ஒரு பெருநிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் பக்கம்பக்கமாகப் படிப்பவர்கள் மிகச் சிலரே. ஆனால், அதில் உள்ள எண்களை நம்பி வாழ்பவர்கள் கோடிக்கணக்கானோர். பங்குச்சந்தைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத தொழிலாளியின் வருங்கால வைப்பு நிதியில் ஒரு பகுதிகூட 2015 முதல் பங்குச்சந்தை சார்ந்த நிதிகளில் முதலீடு செய்யப்படுகிறது. ஆகவே, நிறுவனங்களின் கணக்குகள் உண்மையானவையா என்பது பங்கு வாங்குவோரின் கவலை மட்டுமன்று.

பொருளியலில் இதைத் 'தகவல் ஏற்றத்தாழ்வு' என்போம். விற்பவருக்குப் பொருளின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்நிலை நீடித்தால், நல்ல பொருளுக்கும் சந்தையில் உரிய விலை கிடைக்காமல் போகும். இதை 1970-இல் விளக்கிய ஜார்ஜ் அகெர்லாஃப், வேறு இருவருடன் 2001-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் திவாலானது. இக்கோட்பாட்டை மாணவர்களுக்கு விளக்க, அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

என்ரானின் கடன்கள் துணை அமைப்புகளுக்குள் மறைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கண்டு சொல்லியிருக்க வேண்டிய ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம், 2000-ஆம் ஆண்டில் தணிக்கைக்காக 2.5 கோடி டாலரும், ஆலோசனை உள்ளிட்ட பிற பணிகளுக்காக 2.7 கோடி டாலரும் என்ரானிடமிருந்து பெற்றது. காவலரின் ஊதியத்தைவிட, காக்கப்படும் வீட்டில் அவர் செய்யும் பிற வேலைகளுக்கான ஊதியம் அதிகம்!

இதன் விளைவாகவே 2002 ஜூலையில் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் பிறந்தது. நிதிநிலை அறிக்கை உண்மையானது என்று தலைமைச் செயல் அதிகாரியும் தலைமை நிதி அதிகாரியும் சான்றளிக்க வேண்டும். தெரிந்தே பொய்ச் சான்று அளித்தால், குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 20 ஆண்டுகள் வரை சிறை என்றது அச்சட்டம். தணிக்கையாளர்களைக் கண்காணிக்கத் தனி வாரியமும் அமைக்கப்பட்டது. இந்தியாவிலும் பங்குச்சந்தைப் பட்டியல் ஒப்பந்தத்தின் 49-ஆவது பிரிவு திருத்தப்பட்டு, 2006 முதல் இதே போன்ற சான்றளிப்பு கட்டாயமானது.

ஹைதராபாதைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் பங்குகள் நியூயார்க்கிலும் பட்டியலிடப்பட்டிருந்தன. எனவே, இவ்விரு நாட்டு விதிகளுக்கும் அது கட்டுப்பட்டது. சுயேச்சை இயக்குநர்கள் இருந்தனர். உலகப் புகழ்பெற்ற குழுமத்தைச் சேர்ந்த தணிக்கையாளர் இருந்தார். எல்லாச் சான்றிதழ்களிலும் கையெழுத்து இருந்தது. ஆனால், 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் வேறொரு கணக்கைச் சொன்னது. ஏடுகளில் ரூ.5,361 கோடியாகக் காட்டப்பட்ட ரொக்கம், வங்கி இருப்பில் ரூ.5,040 கோடி இல்லவே இல்லை. அதாவது, நூறு ரூபாயில் தொண்ணூற்று நான்கு ரூபாய் வெறும் எழுத்து!

வங்கி இருப்பைச் சரிபார்ப்பது தணிக்கையின் அரிச்சுவடி. தணிக்கையாளர் தாமே வங்கிக்கு எழுதி, தாமே பதிலைப் பெற வேண்டும். சத்யத்தில் அந்தக் கடிதங்களை அனுப்புவதும் பதில்களைப் பெற்றுத் தருவதும் நிறுவனத்தின் கைக்கே விடப்பட்டிருந்தன என்று அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்புகள் 2011-இல் கண்டறிந்து அபராதம் விதித்தன. சட்டத்தில் குறை இருந்ததால் மோசடி நடக்கவில்லை. சட்டம் கேட்கச் சொன்ன கேள்வி, கேட்க வேண்டியவரிடம் கேட்கப்படாததால் நடந்தது.

மோசடியை வெளிக்கொணர்ந்தது எது என்பதும் கவனிக்கத்தக்கது. இல்லாத சொத்தை இருக்கும் சொத்தால் நிரப்ப, ராஜு குடும்பத்தின் 'மேடாஸ்' நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்கச் சத்யத்தின் இயக்குநர் குழு 2008 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்தனர்; சில மணி நேரத்தில் அம்முடிவு கைவிடப்பட்டது. கடைசி வழியும் அடைபட்ட பின்னரே கடிதம் வந்தது. தணிக்கையாளரும் இயக்குநரும் கேட்காத கேள்வியை, வெளியில் இருந்த பங்குதாரர்கள் கேட்டார்கள்.

சத்யம் தந்த பாடங்கள் நிறுவனங்கள் சட்டம், 2013-இல் இடம்பெற்றன. மோசடிக்கு 10 ஆண்டுகள் வரை சிறை. பொதுநலன் பாதிக்கப்பட்டிருந்தால் குறைந்தது 3 ஆண்டுகள். தணிக்கை செய்யும் நிறுவனத்துக்கே மேலாண்மை ஆலோசனை வழங்கத் தணிக்கையாளருக்குத் தடை. ரூ.1 கோடி அல்லது அதற்கு மேற்பட்ட மோசடியைக் கண்டால் அவர் மத்திய அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 2018 அக்டோபரில் தேசிய நிதி அறிக்கையிடல் ஆணையம் அமைக்கப்பட்டது. தவறிழைக்கும் தணிக்கை நிறுவனத்துக்கு, அது பெற்ற கட்டணத்தைப் போல் 10 மடங்கு வரை அபராதம் விதிக்கவும், 10 ஆண்டுகள் வரை தடை செய்யவும் அதற்கு அதிகாரம் உண்டு.

இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆனால், இரண்டு ஓட்டைகள் இன்னும் அடைபடவில்லை என்பது என் கருத்து.

முதலாவது, தணிக்கையாளரின் நியமனம். பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் ஒரு தணிக்கை நிறுவனம் தொடர்ந்து 10 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்கிறது இன்றைய சட்டம். சத்யத்தின் தணிக்கையாளர் 2000-ஆம் ஆண்டு முதல் பணியாற்றியவர். இந்த விதி அன்றே இருந்திருந்தாலும் 2009 ஜனவரியில் அவர் நாற்காலி அசைந்திருக்காது. காலவரம்பைவிட முக்கியமானது, அவரை அமர்த்துவது யார் என்பதே. ஏட்டளவில் பங்குதாரர்களின் பொதுக்குழு அமர்த்துகிறது. பெரும்பான்மைப் பங்குகள் நிறுவனர் குடும்பத்திடம் குவிந்துள்ள நம் நிறுவனங்கள் பலவற்றில், பொதுக்குழுவின் முடிவு என்பது அக்குடும்பத்தின் முடிவே. சோதிக்கப்படுபவரே சோதிப்பவரைத் தேர்ந்தெடுக்கிறார்.

இதற்கு மாற்று, நம் விதிகளிலேயே இருக்கிறது. நிறுவனம் தன் தொடர்புடைய தரப்பினருடன் செய்யும் பெரிய பரிவர்த்தனைகளுக்கான தீர்மானத்தில், அத்தரப்பினர் ஆதரவாக வாக்களிக்க முடியாது என்று செபி விதித்துள்ளது. தணிக்கையாளரின் நியமனத்துக்கும் கட்டணத்துக்கும் இவ்விதியை விரிவுபடுத்தலாம். நிறுவனர் தரப்பை விலக்கி, பிற பங்குதாரர்களின் பெரும்பான்மை முடிவு செய்யட்டும். பரஸ்பர நிதிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பெரும் பங்குகளை வைத்துள்ள இன்றைய சூழலில் இது நடைமுறைக்கு ஒவ்வாத யோசனை அன்று.

இரண்டாவது, இழப்பீடு. சத்யத்தின் பங்குகளை அமெரிக்கச் சந்தையில் வாங்கியவர்கள் கூட்டு வழக்குத் தொடர்ந்து, 2011-இல் சத்யத்திடமிருந்து 12.5 கோடி டாலரும், தணிக்கைத் தரப்பிடமிருந்து 2.55 கோடி டாலரும் பெறும் உடன்பாட்டை எட்டினர். அதே மோசடியில் இழந்த இந்தியச் சிறு முதலீட்டாளருக்கு அன்று அப்படியொரு சட்ட வழி இல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 245-ஆவது பிரிவு கூட்டு வழக்குக்கு வழிவகுத்தது. எனினும், வழக்குச் செலவும் காலதாமதமும் சிறு முதலீட்டாளரை அச்சுறுத்துகின்றன. சத்யம் குற்றவியல் வழக்கில் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வரவே 2015 ஏப்ரல் ஆனது. அடுத்த மாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, குற்றவாளிகள் பிணையில் வெளிவந்தனர். விதிக்கப்படும் அபராதத்தில் ஒரு பகுதியையேனும் ஏமாற்றப்பட்டவர்களிடம் சேர்ப்பதும், கூட்டு வழக்குகளுக்கு அரசு நிதியுதவி அளிப்பதும் அவசியம்.

விதிகள் கூடினால் சிறு நிறுவனங்கள் சுமை தாங்காது என்னும் வாதத்தில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவே 2010-இல் சிறிய நிறுவனங்களுக்கு, உள்கட்டுப்பாடுகள் மீதான தணிக்கையாளர் சான்றிலிருந்து விலக்கு அளித்தது. ஆனால், நான் கேட்பது கூடுதல் படிவங்களை அன்று. ஏற்கெனவே நடக்கும் ஒரு வாக்கெடுப்பில் யார் வாக்களிப்பது என்பதை மாற்றச் சொல்கிறேன். அதற்குச் செலவில்லை, தேவைப்படுவது அரசின் மன உறுதி.

பொய்க் கணக்கு எழுதத் துணிந்தவருக்குச் சான்றிதழில் இன்னொரு கையெழுத்துப் போடுவது பெரிய காரியமில்லை. தம்மிடம் கூலி பெறாத, தம்மால் நீக்கவும் முடியாத ஒருவர் வங்கிக்கு நேரே எழுதிக் கேட்பார் என்ற எண்ணமே அவருடைய பேனாவைத் தடுக்கும்.