நாரையின் மத்திமம்

திருத்தணி மலைமேல் முருகன் சந்நிதியில் முத்துஸ்வாமி தீக்ஷிதர் தியானத்தில் அமர்ந்திருந்தபோது, முதியவர் ஒருவர் வந்து அவர் நாவில் கற்கண்டை இட்டு மறைந்தாரென்றும், அவருடைய முதல் கீர்த்தனம் அங்கேயே மாயாமாளவகௌளையில் பிறந்ததென்றும் சங்கீத உலகம் நம்பி வருகிறது. அந்தத் தீக்ஷிதரும், தியாகையரும், சியாமா சாஸ்திரிகளும் இன்று நம் மனக்கண்ணில் எந்தத் தோற்றத்தில் எழுகிறார்களோ, அதைப் பெரும்பாலும் நமக்குத் தந்தவர் மயிலாப்பூரில் வாழ்ந்த ஓவியர் எஸ். ராஜம் (1919–2010).

பதினைந்தாம் வயதில் ‘சீதா கல்யாணம்’ (1934) படத்தில் ராமனாக நடித்த அவர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற மேனாட்டு முறையில் மனம் நிறையாமல் அஜந்தாவுக்குச் சென்று, அக்குகைச் சுவர்களின் கோடுகளிலே தம் வழியைக் கண்டுகொண்டார். வானொலி நிலைய உத்தியோகமும் வாய்ப்பாட்டும் ஒருபுறமிருக்க, நீர்வர்ணத்தைப் பூசி, உலரவிட்டு, நீரால் அலம்பி, மீண்டும் பூசும் பொறுமையான வேலையும் கடைசிவரை நடந்தது.

அவர் சித்திரங்களில் என் உள்ளம் பெரிதும் ஈடுபடுவது ஸப்த ஸ்வர தேவதைகளிடத்திலேதான். ஸட்ஜம் மயிலின் அகவல், ரிஷபம் காளையின் குரல், காந்தாரம் ஆட்டினது, மத்திமம் கிரௌஞ்சப் பறவையினது, பஞ்சமம் குயிலினது, தைவதம் குதிரையினது, நிஷாதம் யானையின் பிளிறல் என்று வகுத்த சாஸ்திரம், அவற்றுக்கு நிறங்களையும் வகுத்தது. மத்திமத்துக்குக் குந்த மலரின் வெண்மை, நிஷாதத்துக்கோ எல்லா நிறங்களும். ஏட்டில் உறங்கிய இந்த லக்ஷணங்களுக்கு உருவம் கொடுக்க, ஸ்வரத்தைத் தம் தொண்டையிலே அறிந்த ஓவியர் ஒருவர் வேண்டியிருந்தது. அதனால்தான் அவர் படங்களில் பறவையும் மிருகமும் வெறும் அலங்காரமாக நில்லாமல், நாதத்தின் அடையாளங்களாக நிற்கின்றன என்பது என் துணிபு.

கிரௌஞ்சத்தை நாரையென்று கொள்வாருண்டு. கும்மிடிப்பூண்டி உருக்காலைகளின் புகைபோக்கிகளைப் பின்னே விட்டுப் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு சேர்ந்து, மார்கழி விடியலில், ஏரியின் சாம்பல் நிற நீரில் கழுத்தை உள்ளிழுத்து ஒற்றைக் காலில் அசைவற்று நின்ற நாரையொன்றை நான் கண்டபோது, அந்த வெண்மைக்கு ‘மத்திமம்’ என்ற பெயர் தானாகவே நினைவில் எழுந்தது.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்து ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ராஜத்தின் ஸ்வரப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், காட்டிய மறுவாரமே அவர்களைப் பழவேற்காட்டுக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள்.