கியர் வண்டியில் மூன்று சுவிட்சுகள்
பழுது எங்கே என்று கண்டறிவது எப்படி?

புனேக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள உறவு பழையது. ஆகுர்டியில் பஜாஜ், பிம்ப்ரியில் டெல்கோ (2003 முதல் டாட்டா மோட்டார்ஸ்), 1966-ல் தொடங்கிய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் ஆகியவை இவ்வூருக்குப் பெயர் தந்தவை. இங்கு பிழைக்க வந்த நம்மவர்களில் டெம்போ ஓட்டுபவர்களும், கடன் வாங்கிப் பழைய கார் வைத்திருக்கும் குமாஸ்தாக்களும் உண்டு. வண்டி ஒரு நாள் நின்றால் பலருக்கு அன்றைய கூலியும் நின்றுவிடும்.

வண்டி மக்கர் செய்வதற்கு எப்போதும் என்ஜின்தான் காரணம் என்பதில்லை. கையால் கியர் மாற்றும் வண்டியில் கிளட்ச் பெடல், பிரேக் பெடல், கியர் பாக்ஸ் ஆகிய மூன்று இடங்களில் சிறு சுவிட்சுகள் உள்ளன. இவற்றில் ஒன்று கெட்டாலும் தொல்லைதான்.

கிளட்ச் சுவிட்ச்

இப்போதைய கார்கள் பலவற்றில் கிளட்சை முழுவதும் மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். சாவியைத் திருப்பியும் சத்தமே இல்லை என்றால், பலர் உடனே பாட்டரியை மாற்றுகிறார்கள். முன்விளக்கு பிரகாசமாக எரிந்தால் பாட்டரி மீது பழி போடுவதற்கு முன் காலடியைப் பார்ப்பது நல்லது. மடிந்து கிடக்கும் கால்மிதியே பெடலைத் தடுக்கலாம். அது சரியாக இருந்தால், சுவிட்சின் இணைப்பைக் கழற்றி மீட்டரால் சோதிக்க வேண்டும். பெடலை மிதிக்கும்போதும் விடும்போதும் அளவு மாறாவிட்டால் சுவிட்ச் பழுது. மாறினால் ரிலே, ஸ்டார்ட்டர் பக்கம் தேட வேண்டும்.

ஒயரை நிரந்தரமாக முறுக்கி இணைத்துவிடுவது ஆபத்து. கியரில் இருக்கும் வண்டி சாவியைத் திருப்பியதும் பாய்ந்துவிடும். எதிரே குழந்தை நிற்கலாம்.

பிரேக் விளக்கு சுவிட்ச்

விளக்கு அணையாமல் எரிந்தால், பெடலில் சுவிட்சை அழுத்தும் சிறு ரப்பர் துண்டு நொறுங்கி விழுந்திருக்கலாம். கவனிக்காவிட்டால் காலையில் பாட்டரி காலியாகிவிடும். எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசம். 2022 நவம்பர் 20 அன்று நவலே பாலத்தருகே சரிவில் வந்த கனரக வண்டி ஒன்று பல வாகனங்களைச் சேதப்படுத்தியது. அதற்கும் இந்தச் சுவிட்சுக்கும் சம்பந்தமில்லை. ஆயினும் அத்தகைய சரிவில் முன்னால் போகிறவர் வேகத்தைக் குறைப்பதைப் பின்னால் வருகிறவருக்குச் சொல்வது அந்தச் சிவப்பு விளக்குத்தான்.

ரிவர்ஸ் சுவிட்ச்

இது கியர் பாக்ஸில் திருகப்பட்டிருக்கும். 1-7-2019 முதல் புதிய கார்களில் பின்புற எச்சரிக்கைக் கருவி கட்டாயம். கையால் கியர் மாற்றும் கார்களில் பெரும்பாலும் இந்தச் சுவிட்ச்தான் அதையும் இயக்குகிறது. விளக்கும் கருவியும் ஒருசேர ஓய்ந்தால் சந்தேகம் இங்கேதான்.

என்ஜினை அணைத்து, ஹாண்ட்பிரேக் போட்டு, சாவியை ஆன் செய்து, ரிவர்ஸ் கியர் போட வேண்டும். முதலில் பல்பு, அடுத்து பியூஸ், பிறகு சுவிட்சின் இணைப்பு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பழைய எளிய வண்டிகளில், கழற்றிய இணைப்பின் இரு முனைகளையும் துண்டு ஒயரால் தொட்டால் விளக்கு எரிகிறதா? எரிந்தால் குற்றவாளி சுவிட்ச். எரியாவிட்டால் ஒரு முனையில் மின்சாரம் வருகிறதா என்று டெஸ்ட் லாம்பால் பார்க்கலாம். வந்தால் கோளாறு விளக்குப் பக்கம். வராவிட்டால் பியூஸ் பக்கம். கம்ப்யூட்டர் உள்ள புதிய கார்களில் ஒயரை இணைக்காமல் மீட்டரால் மட்டுமே சோதிக்க வேண்டும். சுவிட்சைக் கழற்றினால் கியர் ஆயில் ஒழுகலாம். மாட்டும்போது புது வாஷர் அவசியம்.

நானா பேட் உதிரிபாகக் கடைகளுக்குப் போகிறவர்கள் பழைய சுவிட்சைக் கையோடு கொண்டு போவது நல்லது. பார்ப்பதற்கு ஒன்று போலிருக்கும். மரை வேறாக இருக்கும். மெக்கானிக்கிடம் விடுவதானாலும், எதைச் சோதித்து எதை மாற்றினார் என்று கேட்டு, பழைய சாமானைத் திரும்ப வாங்கிக்கொள்வது உரிமையாளரின் உரிமை.