மேற்கே மடகாஸ்கர் இருந்தபோது

தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து விடிகாலையில் ஜீப்புகள் கம்பமெட்டு ஏறி இடுக்கி ஏலக்காடுகளுக்குப் போகும். அந்த மலையிலிருந்து மேற்கே நடந்துகொண்டே இருந்தால் இன்று அரபிக்கடல் வந்து மறிக்கும். 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில் நடந்திருந்தால் கடல் வந்திருக்காது. மடகாஸ்கர் வந்திருக்கும்!

அன்று இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, மடகாஸ்கரோடும் செஷல்ஸோடும் ஒட்டிக் கிடந்தது. டைனோசர்கள் திரிந்த காலம் அது. பூக்கும் செடிகள் அப்போதுதான் உலகில் பரவத் தொடங்கியிருந்தன. யானை இல்லை, குரங்கு இல்லை. இடுக்கியின் இரவிகுளத்தில் இன்று வரையாடு மேய்கிறதே, அதுபோன்ற புல்வெளி உலகில் எங்குமே இல்லை.

அப்படியானால் இடுக்கியில் தோண்டினால் டைனோசர் எலும்பு கிடைக்குமா? கிடைக்காது. எலும்பு கல்லாக வேண்டுமானால் அதன்மேல் சேறும் மணலும் படிய வேண்டும். இடுக்கி மலையோ பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய கருங்கல். டைனோசர்களுக்கு வெகுகாலம் மூத்தது. அரியலூரின் கதை வேறு. அன்று அது கடலடி. அங்கே சிமென்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களில் சுருள் ஓடுடைய அம்மோனைட் என்னும் கடலுயிரிகளின் படிவங்கள் கிடைக்கின்றன. 2020இல் பெரம்பலூரில் 'டைனோசர் முட்டை' என்று ஊரே கூடிப் பார்த்ததுகூட முட்டையல்ல, கடல் படிவு உருண்டைதான்.

இடுக்கியின் சாட்சி கல்லில் இல்லை, உயிரோடு இருக்கிறது. கட்டப்பனை அருகே கிடைத்த ஊதா நிறத் தவளை ஒன்றை தவளை ஆய்வாளர் எஸ்.டி.பிஜுவும் பெல்ஜியத்து ஆய்வாளர் ஒருவரும் 2003இல் உலகுக்கு அறிவித்தார்கள். உப்பிய உடம்பு, கூரான மூக்கு, குட்டிக் கண். கிட்டத்தட்ட ஆண்டு முழுக்க மண்ணுக்குள் கறையான் தின்று கிடக்கும். மழைக்காலத் தொடக்கத்தில் சில நாட்கள் மட்டும் இனம்பெருக்க மேலே வரும். மலையாளிகள் மாவேலி என்று அழைக்கும் மகாபலி மன்னரும் ஓணத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறைதானே வருகிறார்? அதனால் இதை மாவேலித் தவளை என்கிறார்கள்.

இதன் நெருங்கிய சொந்தங்கள் வாழ்வது செஷல்ஸ் தீவுகளில், ஏறத்தாழ 3,000 கிலோமீட்டருக்கு அப்பால். தவளையால் பொதுவாக உப்புக்கடலைத் தாண்ட முடியாது. ஆகவே தவளைகள் பிரிந்து போகவில்லை. அவை நின்ற நிலம்தான் பிரிந்து போனது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் கழன்றது, பிறகு செஷல்ஸ். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்தன. இந்தத் தவளையின் மூதாதைகள் பிழைத்தன. இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவில் முட்டியதில் இமயமலை எழுந்தது.

இன்று இந்தத் தவளை வாழும் மலைகளில் ஏலமும் தேயிலையும் தார்ச்சாலையும் வந்துவிட்டன. ஓடைகளில் தடுப்பணைகள். இதன் தலைப்பிரட்டைகளோ ஓடும் நீரில், பாறையை வாயால் கவ்வி ஒட்டிக்கொண்டு வளர்பவை. நீர் தேங்கினால் அவற்றுக்கு வாழ்வில்லை. எனக்குக் கவலை தருவது இதுதான்.

மழை தொடங்கும் நாட்களில் இடுக்கிப் பக்கம் போனால், மேலே வரும் தவளைகள் சக்கரத்தில் மாட்டாதிருக்க, இரவில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி அப்பாவிடம் கேளுங்கள். ஓடைப் பாறையில் தலைப்பிரட்டை தெரிந்தால் பாருங்கள்; பெயர்த்தெடுக்காதீர்கள்.