பழைய விளையாட்டு, புதிய வடிவம்

பழைய நூலைப் பல ஆண்டுகள் கழித்தும் எடுத்துப் படிக்கலாம். பழைய காணொளி விளையாட்டு அப்படியன்று. அதற்குரிய கருவி பழுதடைந்தால், விளையாட்டும் நம் கைக்கு எட்டாமல் போகும். அதனால்தான் சில விளையாட்டுகளை மறுஉருவாக்கம் செய்கின்றனர்.

‘லிங்க்ஸ் அவேக்கனிங்’ என்னும் ஜப்பானிய விளையாட்டு 1993ஆம் ஆண்டு ‘கேம் பாய்’ கருவிக்காக வெளிவந்தது. அதன் திரையில் ஒரே நிறத்தின் நான்கு சாயல்களே தெரிந்தன. பொருள்களைப் பயன்படுத்த இரண்டே பொத்தான்கள் இருந்ததால், ஆட்டத்தை நிறுத்தி, வாளையும் கேடயத்தையும் பிற பொருள்களையும் அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது.

2019இல் ‘ஸ்விட்ச்’ கருவிக்காக அது முப்பரிமாணக் காட்சிகளுடன் மீண்டும் உருவாக்கப்பட்டது. வாளுக்கும் கேடயத்துக்கும் தனித்தனிப் பொத்தான்கள் கிடைத்தன. ஆனால், கதை மாறவில்லை.

அப்படியானால், எந்தப் பழைய விளையாட்டு மறுஉருவாக்கத்திற்குத் தகுதியானது? கதையும் சவாலும் இன்றும் சுவைக்க வேண்டும்; பழைய கருவியின் குறை மட்டுமே தடையாக இருக்க வேண்டும்.