யூக்ளிடும் கணித ஆசிரியர் சங்கமும்

ஒரு நூலை ஆசிரியரிடம் முறையாக ஓதி, அதைப் பிறருக்குக் கற்பிக்க இஜாஸா பெற்றவரே ஆசிரியர் என்பது நமது கல்வி மரபு. அங்கே தகுதியை வழங்கியது நூலும் ஸனதுமே. வெவ்வேறு ஊர்களில் ஒரே பாடத்தைக் கற்பிப்போர் ஒன்றுகூடித் தம்மை ஒரு தொழிற்குழுவாக உணர்ந்துகொண்டது பிற்கால நிகழ்ச்சியாகும். அதன் தொடக்ககால எடுத்துக்காட்டு ஒன்றை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் காண்கிறோம். அது நமக்கு அந்நியமல்லாத ஒரு நூலை எதிர்த்தே எழுந்தது.

யூக்ளிடின் ‘மூலங்கள்’ என்பதே அந்நூல். அப்பாஸிய கலீஃபாக்களான ஹாரூன் ரஷீத், மஃமூன் ஆகியோர் காலத்தில் ஹஜ்ஜாஜ் இப்னு யூஸுஃப் இப்னு மதர் அதனை அரபியாக்கினார். 12ஆம் நூற்றாண்டில் பாத் நகரத்து அடெலார்ட் அரபியிலிருந்து இலத்தீனில் பெயர்த்தார். நஸீருத்தீன் தூஸி செப்பனிட்ட வடிவத்தின் முதற்பகுதி, இந்திய மதரஸாக்களின் தர்ஸே நிஜாமிப் பாடத்திட்டத்திலும் இடம்பெற்றது.

இங்கிலாந்துப் பள்ளிகளில் அந்நூலே வடிவகணிதம் என்றாகியிருந்தது. பல்கலைக்கழகத் தேர்வுகள் யூக்ளிடின் வரிசையையே எதிர்பார்த்தன. மாணவர் பொருளுணராமலே நிறுவல்களை மனனம் செய்தனர். ஆசிரியர் கணிதம் அறிந்தவராயினும், ஒப்பிப்பதைக் கேட்டுச் சரிபார்ப்பதே அவர் பணியாகச் சுருங்கியது. 1870இல் பர்மிங்காம் பள்ளி ஆசிரியர் ராடன் லெவெட், இதனை எதிர்த்து ஒரு சங்கம் தேவை என ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார். மறு ஆண்டே ‘வடிவகணிதக் கற்பித்தல் மேம்பாட்டுச் சங்கம்’ உருவாகி, தாமஸ் ஆர்ச்சர் ஹர்ஸ்ட் அதன் முதல் தலைவரானார். பின்னாளில் கணிதச் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது இதுவே.

யூக்ளிடைக் கேள்விக்குட்படுத்துவது புதிதன்று. உமர் கய்யாமும் தூஸியும் இணைகோடுகள் பற்றிய அவரது எடுகோளை ஆராய்ந்து தாமே நிறுவ முயன்றனர். எனினும் அவர்கள் கேட்டது, அந்த அடிப்படை உறுதியானதா என்பதே. லெவெட் கூட்டத்தார் கேட்டதோ, சிறுவனுக்கு இது விளங்குகிறதா என்பது. கணிதப் பேராசிரியரிடமிருந்து கணித ஆசிரியரைப் பிரித்துக் காட்டியது இந்த இரண்டாம் கேள்வியே என நாம் கருதுகிறோம்.

வெற்றி எளிதில் கிட்டவில்லை. 1875இல் சங்கம் தனது பாடத்திட்டத்தை வெளியிட்டது. தேர்வுகளைத் தம் கையில் வைத்திருந்த ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் எளிதில் இசையவில்லை. 1894இல் ‘மேதமெடிக்கல் கெசட்’ இதழ் தோன்றியது. எங்கோ ஒரு மூலையில் தனித்துக் கற்பித்தவருக்கும், தம் வகுப்பறை அனுபவத்தை எழுதிச் சக ஆசிரியரின் மறுமொழியைப் பெற ஓர் இடம் வாய்த்தது. 1901இல் பொறியியலாளர் ஜான் பெர்ரி செயல்முறைக் கணிதத்துக்காக உரத்துக் குரலெழுப்பினார். 1903இல் கேம்பிரிட்ஜ் யூக்ளிடின் வரிசை கட்டாயமில்லை என ஏற்றது. லெவெட்டின் கடிதத்திற்கும் இதற்கும் இடையே 33 ஆண்டுகள்!

அச்சங்கமும் காலப்போக்கில் ஒரு பழைய நிறுவனமாயிற்று. 1952இல் கற்பித்தல் துணைக்கருவிகளுக்கென வேறொரு கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்த காலெப் கட்டெக்னோ, வண்ணக் கோல்களைச் சிறுவர் கையில் கொடுத்து எண்களைக் கற்பிக்கும் முறையைப் பரப்பினார். அவர் பிறந்த ஊர், யூக்ளிட் கற்பித்த அதே அலெக்சாந்திரியா.