விதை பொய்த்தால் இரண்டு விசாரணை: நஷ்டஈடு எதில் கிடைக்கும்?

நாற்றங்காலில் பாதி விதைகூட முளைக்கவில்லை. அல்லது கதிர் வந்தபின் பார்த்தால் வயல் முழுக்கக் கலவன். உடனே விதை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கிறீர்கள். அது சரியான முதல் வேலை. ஆனால், அந்தப் புகாரிலேயே நஷ்டஈடும் வந்துவிடும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். தவறுக்குத் தண்டனை கேட்கும் விசாரணை வேறு. இழப்புக்குப் பணம் கேட்கும் விசாரணை வேறு.

விதை ஆய்வாளர் விசாரணை

இது குற்ற வழக்கின் பாதை. அறிவிக்கை செய்யப்பட்ட ரகத்தின் விதை தரமற்றது என்று எழுத்து மூலம் புகார் கொடுத்தால், 1968 விதை விதிகளின்படி ஆய்வாளர் பை, சான்று அட்டை, மீதமுள்ள விதை ஆகியவற்றைப் பெற்று, மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்புவார். அவர் தேடுவது ஒன்றைத்தான்: சட்டம் மீறப்பட்டதா? நெல்லுக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 சதவீதம். அதற்குக் கீழே இருந்தால் விற்றவர் மீது வழக்கு தொடரலாம்.

அந்த வழக்கை நடத்துவது அரசு. நீங்கள் சாட்சி மட்டுமே. அபராதமும் அரசுக்கே போகும். 1966 விதைச் சட்டம் இயற்றப்பட்டபோது முதல் குற்றத்துக்கு வைத்த அபராதம் 500 ரூபாய் வரைதான். விவசாயிக்கு நஷ்டஈடு தர அச்சட்டத்தில் வழி இல்லை.

நுகர்வோர் ஆணையம்

இது சிவில் பாதை. இங்கே வழக்காளி நீங்கள். கேள்வியும் வேறு: இந்த விதையால் உங்களுக்கு இழப்பு வந்ததா, எவ்வளவு? தேசிய விதைக் கழகத்துக்கு எதிராக ஆந்திர விவசாயிகள் தொடுத்த வழக்கில், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்கென்று விவசாயி விதையை மிச்சம் வைத்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது என்றும் கூறியது.

உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். விதைக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். ஆய்வாளரின் விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

எவ்வளவு நிரூபிக்க வேண்டும்?

குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். சிவிலில், நீங்கள் சொல்வதே நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். ஆனால், ஆதாரம் சேர்க்கும் பொறுப்பு உங்களுடையது. மழை, உப்புத் தண்ணீர், பூச்சி, பருவம் தப்பிய விதைப்பு ஆகியவற்றையே எதிர்த்தரப்பு காரணமாகச் சொல்லும். அதே தண்ணீர், அதே மண்ணில் வேறு விதை போட்ட பக்கத்து வயல் நன்றாக இருப்பதும், அதே குவியல் எண் விதையை வாங்கிய மற்றவருக்கும் இதே நிலை என்பதும் அதற்கு நல்ல பதில்.

கையில் இருக்க வேண்டியவை

* ரகம், குவியல் எண், காலாவதி நாள் எழுதிய ரசீது. ரசீது இல்லாமல் விதை வாங்கவே கூடாது.
* காலிப் பையும் சான்று அட்டையும், அறுவடை முடியும் வரை.
* ஒரு பிடி விதை, ஈரம் படாமல் அதே பையில்.
* விதைத்த நாள், உரம், மருந்துச் செலவுக் குறிப்பு.
* தேதியுடன் வயல் படங்கள்.

பயிரை உழுது அழிப்பதற்கு முன் வயலாய்வு நடக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் என்ன குறை என்பதைப் பயிர் நிற்கும்போதுதான் சொல்ல முடியும். கலவனைக் கதிர் வந்தபின் எண்ணிப் பார்க்கலாம். ஆய்வு நாளைக் கடைக்காரருக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் எடுத்த அறிக்கையைப் பின்னால் எளிதில் மறுத்துவிடுவார்கள். அறிக்கையில் சதவீதமும் காரணமும் எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்து, நகல் கேட்டு வாங்குங்கள். ஆய்வாளருக்குக் கொடுத்த அந்த அறிக்கைதான் நுகர்வோர் ஆணையத்திலும் உங்களுக்குக் கைகொடுக்கும்.